மூன்று வார அவகாசம்: 1989இல் ஃபுட்ஸ்க்ரே கிளப் பிழைத்த விதம்

மெல்போர்ன் நகரின் மேற்குப் புறநகரான ஃபுட்ஸ்க்ரேயின் ஃபுட்டி (ஆஸ்திரேலியக் கால்பந்து) கிளப்பை 1989 அக்டோபரில் அதே நகரின் ஃபிட்ஸ்ராய் என்ற இன்னொரு புறநகரின் கிளப்போடு இணைக்க முடிவெடுத்தார்கள். அறிவிப்பும் வந்துவிட்டது. மூன்று வாரத்துக்குள் அந்த முடிவு ரத்தானது. ஆஸ்திரேலிய விளையாட்டு வரலாற்றில் இதைப் பலரும் வீரகதையாகவே சொல்வார்கள். நான் இங்கே அப்படிச் சொல்லப்போவதில்லை. யார் எந்த நேரத்தில் எந்த முடிவை எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள், பிறகு என்ன ஆனது என்று வரிசையாகப் பார்க்கலாம். ஆட்களின் பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். பெயர் வந்தால் கண் ஆளின் மேல் போய்விடும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பந்தும் மைதானமும் முட்டை வடிவம். பல இடங்களில் கோடையில் கிரிக்கெட் ஆடும் அதே புல்வெளிதான் குளிர்காலத்தில் ஃபுட்டிக்கு. ஒரு பக்கத்துக்கு 18 பேர். இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவில் உள்ள இரண்டுக்கும் இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. ஓரத்துக் கம்பங்களுக்கு இடையே போனால் ‘பிஹைண்ட்’, 1 புள்ளி.

பின்னணி: பேட்டையும் கிளப்பும்

ஃபுட்ஸ்க்ரே உழைப்பாளிகளின் பேட்டை. கருங்கல் குவாரி, இறைச்சித் தொழிற்சாலை, டயர் ஃபேக்டரி, பக்கத்து யாராவில்லில் சர்க்கரை ஆலை. போருக்குப் பின் இத்தாலியர்களும் கிரேக்கர்களும் வந்தார்கள். எழுபதுகளின் இறுதியிலிருந்து வியட்நாமியர்கள். நகரின் கிழக்குப் பக்கத்துப் பணக்காரர்கள் எட்டிப் பார்க்காத இடம் என்ற பெயர் அதற்கு நெடுங்காலம் இருந்தது. கிளப்பின் மைதானம் பார்க்லி தெருவில் உள்ள வெஸ்டர்ன் ஓவல். அங்கே அடிக்கும் காற்று பேர்போனது. எந்த முனையை நோக்கி ஆடுகிறோம் என்பதே பாதி ஆட்டத்தைத் தீர்மானிக்கும்.

கிளப் 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கியது. ஆனால் விக்டோரிய கால்பந்து லீக்கான வி.எஃப்.எல்.லில் இடம் கிடைத்தது 1925இல்தான், ஹாதார்ன், நார்த் மெல்போர்ன் கிளப்புகளோடு சேர்ந்து. அதற்கு முந்தைய ஆண்டு ஒரு வேடிக்கை நடந்தது. இரண்டாம் தரமாகக் கருதப்பட்ட சங்கத்தின் சாம்பியனான ஃபுட்ஸ்க்ரே, போரில் கை கால் இழந்த வீரர்களுக்கு நிதி திரட்டிய போட்டியில் வி.எஃப்.எல். சாம்பியன் எசன்டனைத் தோற்கடித்தது. மேலே வந்த பிறகு கோப்பைக்கு 1954 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இறுதிப் போட்டியில் மெல்போர்ன் கிளப்பை 102க்கு 51 என்று சரியாக இரட்டிப்புப் புள்ளியில் வென்றார்கள். 1961இல் இன்னொரு இறுதிப் போட்டி, அதில் தோல்வி. பேட்டைக்காரர்கள் கையில் இருந்தது அந்த ஒரு கோப்பைதான்.

பணம் கரைந்த வழி

எழுபதுகள் வரை வி.எஃப்.எல். என்பது பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்துப் பேட்டைகள் மோதிக்கொள்ளும் லீக். 12 கிளப், அதில் ஜீலாங் தவிர எல்லாமே மெல்போர்னுக்குள். வீரர்களுக்குப் பெரிய சம்பளம் கிடையாது. வண்ணாரப்பேட்டையும் வியாசர்பாடியும் மோதுவதுபோல என்று சொன்னால் நமக்குப் புரியும். எண்பதுகளில் கணக்கு மாறியது. வீரர்களுக்கு ஏலப் பணம் வந்தது, தொலைக்காட்சி வந்தது, நாடு தழுவிய போட்டி என்ற ஆசையும் வந்தது. சவுத் மெல்போர்ன் கிளப் 1982இல் சிட்னிக்குக் குடிபெயர்ந்தது. 1987இல் பெர்த்திலிருந்தும் பிரிஸ்பேனிலிருந்தும் புது அணிகள் நுழைந்தன. லீக்கை நடத்தும் பொறுப்பு கிளப் பிரதிநிதிகளிடமிருந்து ஆணையம் ஒன்றின் கைக்கு மாறிக்கொண்டிருந்தது.

ஏழைக் கிளப்புகள் இதில் நசுங்கின. ஃபுட்ஸ்க்ரேயில் அது கண்ணுக்குத் தெரிந்த விதம் ஒன்று உண்டு. லீக்கின் சிறந்த வீரருக்கு ஆண்டுதோறும் பிரவுன்லோ பதக்கம் கொடுப்பார்கள். 1975இல் அதைப் பெற்ற ஃபுட்ஸ்க்ரே வீரர் சில ஆண்டுகளில் நார்த் மெல்போர்னுக்குப் போனார். 1980இல் பெற்றவர் 1983இல் மெல்போர்னுக்குப் போனார். இன்னொருவர் 1978இல் ஃபிட்ஸ்ராய்க்குப் போய், 1981இல் அந்தச் சட்டையில் பதக்கம் வாங்கினார். நாற்று வளர்த்ததெல்லாம் இங்கே, அறுவடை வேறு வயலில். 1985இல் இறுதிப் போட்டிக்கு முந்தைய சுற்று வரை வந்த அணி, 1989இல் 14 அணிகளில் 13ஆம் இடத்தில் முடிந்தது. கூட்டம் குறைந்தது, கடன் ஏறியது.

ஃபிட்ஸ்ராயின் நிலைமையும் மோசம்தான், ஆனால் வேறு வகையில். அது 1883இல் தொடங்கிய கிளப். 1897இல் வி.எஃப்.எல்.லைத் தொடங்கிய கிளப்புகளில் ஒன்று, எட்டுக் கோப்பைகள் வென்றது. 1916இல் போர் காரணமாக நான்கே அணிகள் ஆடின. லீக் சுற்றில் கடைசியாக வந்த ஃபிட்ஸ்ராய், இறுதிச் சுற்றுகளில் ஜெயித்துக் கோப்பையையும் தூக்கிக்கொண்டு போனது! அப்படிப்பட்ட கிளப் 1966க்குப் பிறகு தன் பிரன்ஸ்விக் தெரு மைதானத்தை விட்டு வெளியேறியது. அதன் பின் பிரின்சஸ் பார்க், ஜங்ஷன் ஓவல், விக்டோரியா பார்க், மறுபடி பிரின்சஸ் பார்க் என்று வாடகை வீடுதான். 1989இல் ஆட்டத்தில் ஆறாம் இடம், பணத்தில் தள்ளாட்டம்.

இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபுட்ஸ்க்ரேக்கு ஆட்டம் சரியில்லை, ஆனால் இடம் இருந்தது. ஃபிட்ஸ்ராய்க்கு ஆட்டம் இருந்தது, இடம் இல்லை.

அக்டோபர் முதல் வாரம்: அறிவிப்பு

இறுதிப் போட்டி முடிந்த ஓரிரு நாட்களில் செய்தி வெளியானது. ஃபுட்ஸ்க்ரேயும் ஃபிட்ஸ்ராயும் இணைகின்றன. புது அணியின் பெயர் ஃபிட்ஸ்ராய் புல்டாக்ஸ். ஃபுட்ஸ்க்ரேயின் நிர்வாகம் லீக்கோடும் ஃபிட்ஸ்ராயோடும் மூடிய அறையில் பேசி முடித்த ஒப்பந்தம் அது. உறுப்பினர்களிடம் ஓட்டு கேட்கவில்லை. கிளப் திவாலான நிலையில் இருக்கிறது, வேறு வழியில்லை என்பது லீக் சொன்ன காரணம்.

பெயரைக் கவனியுங்கள். புல்டாக் என்பது ஃபுட்ஸ்க்ரே அணியின் பட்டப்பெயர். ஊர் ஃபிட்ஸ்ராயுடையது, நாய் மட்டும் ஃபுட்ஸ்க்ரேயுடையது. கடனைப் பற்றிய வாதம் எல்லோருக்கும் புரியாமல் போயிருக்கலாம். ஊர்ப் பெயர் போகிறது என்பது ரயில் நிலையத்தில் நின்ற சிறுவனுக்கும் புரிந்தது. லீக் செய்த முதல் தப்பு அந்தப் பெயர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு ஊருக்கும் பொதுவாக ஒரு பெயர் வைத்திருந்தால் கோபம் இவ்வளவு சீக்கிரம் திரண்டிருக்காது.

எடுத்த முடிவுகள், எடுத்த காரணம்

எதிர்ப்பை முன்நின்று நடத்தியவர் ஓர் இளம் வழக்கறிஞர். ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் நுரையீரல் கெட்ட சுரங்கத் தொழிலாளர்களுக்காகப் பெரிய நிறுவனத்தை எதிர்த்து வாதாடிய அனுபவம் அவருக்கு இருந்தது. கிளப்பின் ரசிகர். அவரோடு சேர்ந்தவர்களில் சட்டம் படித்தவர்களும் வியாபாரிகளும் பழைய வீரர்களும் இருந்தார்கள்.

முதல் முடிவு, தெருவில் இறங்குவதோடு நிற்காமல் நீதிமன்றம் போவது. கோபம் எவ்வளவு இருந்தாலும் ஒப்பந்தம் கையெழுத்தாகி நடைமுறைக்கு வந்துவிட்டால் அதைப் பிரிக்க முடியாது. வீரர் பட்டியல் கலைந்துவிடும், அடுத்த ஆண்டின் ஆட்ட அட்டவணை வந்துவிடும். முதலில் கடிகாரத்தை நிறுத்த வேண்டும்.

அதில் ஒரு சிக்கல். கிளப்பின் பெயரில் வழக்குப் போட முடியாது, ஏனென்றால் இணைப்புக்குச் சம்மதித்ததே கிளப்பின் நிர்வாகம்தான். ஆகவே ஒரு ரசிகர் தன் பெயரில் வாதியாக வேண்டும். அந்த ஊர்ப் பழக்கத்தில் தோற்றவர் ஜெயித்தவரின் வழக்குச் செலவையும் கட்ட நேரும். எதிரே இருப்பது லீக், அதன் வக்கீல் கட்டணம் சாதாரணக் குடும்பத்தைத் தெருவில் நிறுத்திவிடும். அந்தப் பொறுப்பை ஏற்றவர் ஒரு பெண், ஆட்டம் பார்க்க வருகிற எல்லோரையும் போன்ற ரசிகை. விக்டோரியா உச்ச நீதிமன்றத்தில் வழக்கு அவர் பெயரில்தான் போனது. மொத்த நிகழ்விலும் மிகத் துணிச்சலான செயல் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். மேடையில் பேசியவர்களுக்கு இழக்க அவ்வளவு இருக்கவில்லை.

நீதிமன்றத்தில் கிடைத்தது கால அவகாசம், சுமார் மூன்று வாரம். கிளப்பைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டது நீதிமன்றம் என்று சிலர் சொல்வதுண்டு, அது சரியல்ல. கடனைத் தீர்க்க முடியும் என்று காட்டினால் கிளப் இருக்கும், முடியாவிட்டால் இணைப்பு. அவ்வளவுதான். இலக்கு 15 லட்சம் டாலர் அளவில்.

இரண்டாவது முடிவு, பணத்தைப் பெரிய கைகளிலிருந்து மட்டும் தேடாமல் சில்லறையாகவும் தேடுவது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு டாலர், இரண்டு டாலரில் 15 லட்சம் சேராது. அது தெரிந்தும் உண்டியலை எடுத்தார்கள். விளம்பரதாரர் யாரும் செத்துக்கொண்டிருக்கும் கிளப்புக்குப் பணம் தரமாட்டார். இந்த ஊரில் உயிர் இருக்கிறது என்று அவருக்குக் காட்ட வேண்டும். உண்டியலில் விழுந்த காசுதான் அதற்குச் சாட்சி.

அக்டோபர் 8, ஞாயிற்றுக்கிழமை

அன்று வெஸ்டர்ன் ஓவலில் ஆட்டம் எதுவும் இல்லை. சீசன் முடிந்துவிட்டது. ஆனாலும் சுமார் பத்தாயிரம் பேர் வந்தார்கள். நீலத்தில் சிவப்பும் வெள்ளையுமான பட்டை போட்ட சட்டை, கம்பளி மஃப்ளர், லீக் ஆணையத்தின் தலைவரைப் பெயர் சொல்லித் திட்டும் வாசகங்கள். பழைய வீரர்கள் மேடை ஏறினார்கள். அந்த ஆண்டு ஆட்டம் நடந்த பல சனிக்கிழமைகளில் அந்த மைதானத்தில் எவ்வளவு காலி இடம் கிடந்தது என்பதை நினைத்தால், ஆட்டமே இல்லாத நாளில் வந்த இந்தக் கூட்டத்தின் பொருள் புரியும். அதில் ஒரு குத்தலும் இருக்கிறது: முன்பே வந்திருந்தால் இந்தக் கூட்டமே தேவைப்பட்டிருக்காது.

அடுத்த நாட்களில் உண்டியல் ஊரெங்கும் குலுங்கியது. ரசிகர்களும் வீரர்களும் பிள்ளைகளும் கடைத்தெருவிலும் சாலைச் சந்திப்பிலும் டின்னை நீட்டினார்கள். நோட்டு விழுந்தால் சத்தம் வராது, சில்லறை விழுந்தால்தான் வரும். அந்த மூன்று வாரத்தை நினைவு கூர்கிற பேட்டைக்காரர்கள் முதலில் சொல்வது அந்தச் சத்தத்தைத்தான். காற்பந்தில் அக்கறை இல்லாதவர்களும் கொடுத்தார்கள். மேற்குப் பக்கத்தில் எதையாவது மூடுவதென்றால் எப்போதும் நம்மிடம்தான் வருவார்கள் என்ற எரிச்சல் அதில் இருந்தது. தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகக் கதவடைத்த பத்தாண்டு அது.

இங்கேதான் மைதானத்தின் பங்கு தெரிகிறது. கூப்பிட்டால் கூடுவதற்கு ஓர் இடம் இருந்தது. எங்கே வர வேண்டும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தாத்தா நின்ற அதே வேலி ஓரத்தில் பேரன் நின்றான். அவகாசம் எவருக்கும் கிடைக்கலாம், அதைப் பயன்படுத்த ஓர் இடம் வேண்டும்.

முடிவும் அடுத்த ஆண்டும்

கெடு முடிவதற்குள் தேவையான பணமும் உறுதிமொழிகளும் சேர்ந்தன. இணைப்பு கைவிடப்பட்டது. போராட்டத்தை நடத்திய வழக்கறிஞர் கிளப்பின் தலைவரானார். புதுப் பயிற்சியாளர் வந்தார். லீக் ஏ.எஃப்.எல். (ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்) என்று பெயர் மாற்றிக்கொண்ட 1990 சீசனில், இருக்கவே கூடாது என்று தீர்மானிக்கப்பட்ட அணி 22 ஆட்டங்களில் 12ஐ ஜெயித்து ஏழாம் இடத்துக்கு வந்தது. அதே ஆண்டு பிரவுன்லோ பதக்கமும் ஃபுட்ஸ்க்ரே வீரருக்கே கிடைத்தது. 163 செ.மீ. உயரம், வானுயர்ந்த ஆட்கள் ஆடும் ஆட்டத்தில்.

வெற்றி பெற்ற முறை பரவியது. 1990இல் ரிச்மண்ட் கிளப்பும் கடனில் சிக்கியபோது அதே பாணியில் மக்களிடம் போய் நிதி திரட்டித் தப்பித்தது.

வேலியின் மறுபக்கம்

இந்த நிகழ்வை ஃபுட்ஸ்க்ரே பக்கமிருந்து மட்டும் சொன்னால் கணக்கு நேராகாது. 1989இல் இணைப்பு உடைந்தபோது ஃபிட்ஸ்ராயின் கையிலிருந்த கயிறும் அறுந்தது. அந்த ஒப்பந்தத்தில் அவர்கள் பெயர் பிழைத்திருந்தது. அதன் பின் வந்த ஆண்டுகளில் அவர்களுக்கு அவ்வளவு நல்ல பேரம் அமையவில்லை.

1994இல் ஃபிட்ஸ்ராய் மறுபடி மைதானம் மாறியது. இந்த முறை குடியேறிய இடம் வெஸ்டர்ன் ஓவல். ஐந்து ஆண்டுக்கு முன் யாரோடு சேர்வதாக இருந்ததோ அதே கிளப்பின் வீட்டில் வாடகைக்கு. பசிபிக் தீவு நாடான நவ்ருவின் காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்கிய கடன் 12.5 லட்சம் டாலர் நிலுவையில் இருந்தது. இணையும் கிளப்புகளுக்கு லீக் 60 லட்சம் டாலர் ஊக்கத்தொகை அறிவித்திருந்த காலம் அது. 1996 நடுவில் ஃபிட்ஸ்ராயின் நிர்வாகம், கடன் கொடுத்தவர் சார்பில் நியமிக்கப்பட்ட அதிகாரியின் கைக்குப் போனது. நார்த் மெல்போர்னோடு பேச்சு நடந்தது. ஏற்கெனவே பலமான அணி இன்னும் பலமாகிவிடும் என்று மற்ற கிளப்புகள் விரும்பவில்லை. ஜூலையில் பிரிஸ்பேனோடு இணைப்பு முடிவானது.

அந்த ஆண்டு ஃபிட்ஸ்ராய் ஒரே ஓர் ஆட்டம் ஜெயித்தது, ஃப்ரீமான்டிலுக்கு எதிராக. அதுவும் வெஸ்டர்ன் ஓவலில்தான். 113 ஆண்டுக் கிளப்பின் கடைசி வெற்றி அடுத்தவர் மைதானத்தில். மெல்போர்னில் ஆடிய கடைசி ஆட்டத்தில் ரிச்மண்டிடம் 151 புள்ளியில் தோல்வி. செப்டம்பர் 1 அன்று பெர்த்தில் அதே ஃப்ரீமான்டிலிடம் 86 புள்ளியில் தோற்று லீக்கிலிருந்து விடைபெற்றது. வீரர்களில் எட்டுப் பேரைத்தான் பிரிஸ்பேன் எடுத்துக்கொண்டது.

அதே 1996 செப்டம்பரில் மெல்போர்ன், ஹாதார்ன் கிளப்புகளை இணைப்பது பற்றி உறுப்பினர்களிடம் ஓட்டெடுப்பு நடந்தது. மெல்போர்ன்காரர்கள் சரி என்றார்கள், ஹாதார்ன்காரர்கள் முடியாது என்றார்கள், இணைப்பு நின்றது. கேட்டுப் பார்க்க வேண்டும் என்ற பழக்கம் அதற்குள் வந்திருந்தது. ஃபிட்ஸ்ராய் உறுப்பினர்களைக் கேட்க யாரும் இல்லை, அவர்கள் கிளப் அப்போது கடன் கொடுத்தவர் கையில்.

திரும்பப் பார்த்தால்

1989இல் செய்தவற்றில் எதை மாற்றியிருக்கலாம்?

லீக் தரப்பில் பார்த்தால், ஒப்பந்தத்துக்கு முன் உறுப்பினர் கூட்டம் ஒன்று நடந்திருக்க வேண்டும். கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தால் பாதிப் பேர் ஒப்புக்கொண்டிருக்கக்கூடும். மறைத்ததால் உண்மையான கடனைக்கூட ஊரார் நம்பவில்லை.

போராட்டக்காரர்கள் தரப்பில் சொல்ல ஒன்று இருக்கிறது, அதைச் சொல்ல அந்தப் பேட்டையில் யாருக்கும் அவ்வளவாக மனம் வருவதில்லை. சேர்ந்த பணம் பழைய கடனுக்குத்தான். ஆண்டுக்கு ஆண்டு வரவைவிடச் செலவு கூடும் காரணம் அப்படியே இருந்தது. சிறிய மைதானம், சிறிய கூட்டம், பெரிய சம்பளம். பேட்டை கொதித்துக்கொண்டிருந்த அந்த மூன்று வாரத்திலேயே உண்டியல் காசை ஆண்டுச் சந்தாவாக மாற்றும் ஏற்பாட்டுக்குப் பெரிய இடம் கொடுத்திருக்கலாம். 1996க்குள் கிளப் மறுபடி நெருக்கடியில். புது நிர்வாகம் வந்தது. அது எடுத்த முடிவு, 1997 சீசன் முதல் அணியின் பெயர் வெஸ்டர்ன் புல்டாக்ஸ். எந்த ஊர்ப் பெயருக்காக டின் குலுக்கினார்களோ அந்தப் பெயர் ஏழே ஆண்டில் கிளப்பின் சொந்த முடிவாலேயே முன்பக்கத்திலிருந்து போனது. மேற்குப் புறநகர் முழுவதையும் இழுக்க வேண்டும் என்பது காரணம். வியாபாரமாகப் பார்த்தால் தப்பில்லை. வெஸ்டர்ன் ஓவலிலும் அந்த ஆண்டோடு லீக் ஆட்டங்கள் நின்றன. இப்போது அது விட்டன் ஓவல், பயிற்சி மைதானம்.

அப்படியானால் 1989 வீணா? அப்படிச் சொல்ல மாட்டேன். பெயர் மாற்றம் தங்கள் கையால் நடந்தது, தங்கள் மைதானத்தை முழுதாகக் கைவிடாமல் நடந்தது. 2016இல் புள்ளிப்பட்டியலில் ஏழாம் இடத்திலிருந்து மேலேறி, சிட்னியை 89க்கு 67 என்று வென்று, 62 ஆண்டுக்குப் பிறகு இரண்டாவது கோப்பையை எடுத்தார்கள். அப்போது கிளப்பின் தலைவர் 1989இன் அதே வழக்கறிஞர், இடையில் விலகியிருந்து திரும்பி வந்தவர். ஃபுட்ஸ்க்ரே என்ற பெயரும் 2014இல் ஒரு மூலையில் திரும்பியது. மாநில லீக்கில் ஆடும் கிளப்பின் இரண்டாம் அணி அந்தப் பெயரில்தான் இறங்குகிறது. அந்த முதல் ஆண்டிலேயே கோப்பை.

ஃபிட்ஸ்ராயும் ஒரு வழியில் வீடு திரும்பியிருக்கிறது. 2009இல் பல்கலைக்கழக அணி ஒன்றோடு சேர்ந்து, சம்பளம் இல்லாத அமெச்சூர் லீக்கில் பழைய பெயரோடும் பழைய நிறங்களோடும் ஆடத் தொடங்கியது. மைதானம் பிரன்ஸ்விக் தெரு ஓவல். 19ஆம் நூற்றாண்டில் கட்டிய பார்வையாளர் கூடம் அங்கே இன்னும் நிற்கிறது.